ரீபில்டு 61 சதவீதத்தில் நின்றுவிட்டது, இரண்டாவது வட்டிலும் பிழை: அடுத்து என்ன செய்வது?

நூல்கண்டு | வெள்ளி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் உள்ள ஒரு நூற்பாலையில் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். பிரிவு என்று சொன்னாலும் நானும் ஓர் உதவியாளரும்தான் இருக்கிறோம். ஆறு ஆண்டு ஓடிய ராக் சர்வர் ஒன்றில் 4 டிபி கொள்ளளவுள்ள எட்டு சாட்டா வட்டுகள், ஒரு ரெய்டு கன்ட்ரோலரின் கீழ் ரெய்டு 5 ஆக (ஒரு வட்டு செத்தாலும் மற்றவற்றிலிருந்து தரவைக் கணக்கிட்டுக்கொள்ளும் ஒரே அணியாக) இணைக்கப்பட்டுள்ளன. ஹாட் ஸ்பேர் (ஒரு வட்டு செத்தால் தானாக அதன் இடத்தை எடுக்கத் தயாராக நிற்கும் உபரி வட்டு) கிடையாது. கணக்கு, சம்பளம், பஞ்சு இருப்பு ஆகியவற்றின் தரவுத்தளமும், இயந்திர வரைபடங்களும், ஸ்கேன் செய்த பழைய ஆவணங்களுமாக ஏறத்தாழ 17 டிபி அதில் இருக்கிறது.

புதன்கிழமை காலை 3ஆம் ஸ்லாட்டில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. வியாழன் மாலை புதிய வட்டைச் செருகியதும் ரீபில்டு, அதாவது செத்த வட்டின் தரவைப் புதிய வட்டில் மறுபடி உருவாக்கும் வேலை, தானாகத் தொடங்கியது. இன்று மதியம் 61 சதவீதத்தில் அது நின்றுவிட்டது. லாகில் 6ஆம் ஸ்லாட்டின் பெயரில் 'மீடியா எரர்' வரிசையாகப் பதிவாகியிருக்கிறது. அணி இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆனால் 'டிகிரேடட்' (ஒரு வட்டு குறைந்த) நிலையில், ஆமை வேகத்தில் ஓடுகிறது. இதற்கிடையில் கன்ட்ரோலரின் பேட்டரியை மாற்றச் சொல்லும் எச்சரிக்கையும் இரண்டு மாதமாக வந்துகொண்டிருந்ததை இன்றுதான் பார்த்தேன்.

பராமரிப்பு ஒப்பந்தக்காரர் தொலைபேசியில், 6ஆம் வட்டை ஒருமுறை உருவித் திரும்பச் செருகிவிட்டு ரீபில்டை மறுபடி தொடங்குமாறு சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? இரவுதோறும் ஒரு நாஸ் பெட்டிக்கு (வலையில் இணைந்த சேமிப்பகத்துக்கு) பேக்கப் போகிறது, 'வெற்றி' என்று மின்னஞ்சலும் வருகிறது. அதிலிருந்து இதுவரை எதையும் மீட்டுப் பார்த்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வட்டுமேய்ப்பன் | வெள்ளி, இரவு 10.05

6ஆம் வட்டைத் தொடாதீர்கள். 3ஆம் வட்டு இல்லாத நிலையில் ரெய்டு 5க்கு மீதமுள்ள ஏழு வட்டுகளும் கட்டாயம் வேண்டும். அவற்றில் எதை உருவினாலும் அந்த நொடியே அணி முழுவதும் ஆஃப்லைன் ஆகிவிடும். திரும்பச் செருகும்போது கன்ட்ரோலர் அதை அந்நிய வட்டாகக் கருதி, 'ஃபாரின் கான்ஃபிக்' என்று கேள்வி கேட்கும். இரவு பத்து மணிக்குக் களைப்போடு அதற்குத் தவறான பதில் கொடுத்துத் தரவை இழந்தவர்களை நான் அறிவேன்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை இவைதான். ரீபில்டை மறுபடி தொடங்க வேண்டாம். சர்வரை ரீபூட் செய்யவும் வேண்டாம். கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் கருவி எதையும் இப்போது ஓட்ட வேண்டாம், ஏனெனில் அது படிப்பதோடு நிற்காமல் திருத்தி எழுதவும் செய்யும். உங்கள் நாஸுக்குப் போகும் இரவு பேக்கப்பை உடனே நிறுத்தி வையுங்கள். பிழையான கோப்புகள் போய் நல்ல பழைய நகலின்மேல் உட்கார்ந்துவிடக் கூடாது. அதன்பின் பயன்பாடுகளை நிறுத்திவிட்டு, நாஸ் அல்லாத வேறொரு கணினிக்குத் தரவை வெளியே எடுங்கள். முதலில் தரவுத்தளத்தை அதன் சொந்த டம்ப் (முழுப் பிரதி எடுக்கும்) கருவி மூலம் எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் அது நம்பத்தக்க நகலாகாது. அடுத்து சம்பளம், வரைபடம். ஸ்கேன் ஆவணங்கள் கடைசியில்.

கழற்றிய பழைய 3ஆம் வட்டை எறிந்துவிடாமல் பத்திரமாக வையுங்கள். ஆனால் அதைத் திரும்ப நுழைத்து 'ஃபோர்ஸ் ஆன்லைன்' கொடுக்கும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த வட்டு புதன்கிழமையோடு நின்றுவிட்டது. மற்ற ஏழும் வெள்ளிக்கிழமையில் இருக்கின்றன. இரண்டையும் கலந்தால், எந்தக் கோப்பில் எந்தப் பகுதி எந்த நாளுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது.

மின்னல்வேகம் | வெள்ளி, இரவு 10.30

வட்டுமேய்ப்பன் ஐயாவின் எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. 17 டிபியை நகலெடுக்க வேண்டுமானாலும் அதே 6ஆம் வட்டைத்தான் படிக்கப் போகிறோம். ஒரு ஜிகாபிட் வலை இணைப்பில் நொடிக்கு 110 எம்பி என்று வைத்துக்கொண்டால்கூட அதற்கு 43 மணி நேரம் ஆகும். 4 டிபி வட்டின் ரீபில்டு, சுமை எதுவும் இல்லையென்றால் 11 மணி நேரத்தில் முடிந்துவிடும். சாகக் கிடக்கும் வட்டை 43 மணி நேரம் ஓட்டுவதைவிட 11 மணி நேரம் ஓட்டுவது நல்லதல்லவா? பயன்பாடுகளை நிறுத்திவிட்டு ரீபில்டை இன்னொருமுறை முயன்று பார்ப்பதே என் யோசனை.

வட்டுமேய்ப்பன் | வெள்ளி, இரவு 11.10

நியாயமான கேள்வி. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இரண்டுமே படிப்பதுதான், ஆனால் படிக்க முடியாத இடம் வரும்போது நடப்பது வேறு. கோப்பு நகலில் ஒரு செக்டர் (வட்டில் தரவு வைக்கும் மிகச் சிறிய கட்டம்) படிக்கவில்லையென்றால் அந்தக் கோப்பு போகும், அதன் பெயர் பிழைப் பட்டியலில் நிற்கும், அடுத்த கோப்புக்கு நகர்ந்துவிடலாம். ரீபில்டோ கோப்பு என்றால் என்னவென்றே அறியாது. வட்டின் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை, சம்பளப் பட்டியலையும் காலி இடத்தையும் ஒரே தட்டில் வைத்துப் படித்துக்கொண்டு போகும். படிக்க முடியாத இடம் வந்தால், கன்ட்ரோலரைப் பொறுத்து மூன்றில் ஒன்று நடக்கும்: உங்களுக்கு நடந்ததுபோல் பாதியில் நிற்கும், அல்லது 6ஆம் வட்டையும் செத்ததாக அறிவித்து அணியையே கவிழ்க்கும், அல்லது அந்தப் பட்டையை (எல்லா வட்டுகளிலும் பரவிய தரவு வரிசையை) 'பங்சர்' செய்துவிட்டு, அதாவது படிக்க முடியாதது என்று குறித்துவிட்டு, ரீபில்டு முடிந்தது என்று பச்சை விளக்கு காட்டும். மூன்றாவதுதான் எனக்கு அச்சமூட்டுவது. ஓட்டை இருக்கிறது என்பது தெரியும், எந்தக் கோப்பில் என்பது தெரியாது; அந்தக் கோப்பை யாரோ ஒருவர் மூன்று மாதம் கழித்துத் திறக்கும் நாளில்தான் அது தெரியவரும்.

61 சதவீதத்தில் நின்றது மறுபடி தொடங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்றும் எண்ண வேண்டாம். பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும், அதே இடத்தில்தான் முட்டும். ஆகவே 11 மணி நேரம் என்பது வீணாகப் போகும் 11 மணி நேரம். அதே நேரத்தில், முதலில் எடுக்க வேண்டியதை முதலில் எடுத்தால், ஆலை நாளை நடப்பதற்கு வேண்டிய தரவு முதல் சில மணி நேரத்திலேயே வெளியே வந்துவிடும். மீதி 40 மணி நேரத்தில் வட்டு செத்தாலும் போவது பழைய ஸ்கேன்கள்தான்.

எண்ணிக்கையையும் பார்த்துவிடுவோம். சாதாரண சாட்டா வட்டுகளின் தரவுத்தாளில், மீட்க முடியாத வாசிப்புப் பிழை நூறு லட்சம் கோடி பிட்டுக்கு ஒன்றுக்கு மேற்படாது என்று எழுதியிருப்பார்கள், அதாவது 12.5 டிபிக்கு ஒன்று. நிறுவனப் பயன்பாட்டுக்கான வட்டுகளில் அது பத்து மடங்கு குறைவு, 125 டிபிக்கு ஒன்று. உங்கள் அணியில் ஒரு ரீபில்டுக்கு ஏழு வட்டுகளிலிருந்து 28 டிபி படிக்க வேண்டும். நல்ல வட்டுகள் அந்த உச்சவரம்பைவிட வெகு குறைவாகவே பிழை செய்கின்றன என்பதால், இந்தக் கணக்கை மட்டும் வைத்து ரெய்டு 5 செத்துவிட்டது என்று முழங்குபவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் ஆறு ஆண்டு ஓடி, ஏற்கெனவே பிழை காட்டத் தொடங்கிய வட்டு நல்ல வட்டு அல்ல.

காப்புநாடா | சனி, காலை 6.50

சென்னையில் ஒரு தரவு மையத்தின் சேமிப்பகப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். மேலே சொன்ன வரிசை சரியானது. ஆனால் 6ஆம் வட்டைக் குற்றவாளி என்று முடிவு கட்டுவதற்கு முன் லாகை ஒழுங்காகப் படிப்போம். 'மீடியா எரர்' என்ற சொல்லைப் பார்த்து நிறுத்திவிடாமல், அதற்கு அருகில் இருக்கும் சென்ஸ் எண்களை, அதாவது பிழையின் வகையைச் சொல்லும் குறியீடுகளைப் பாருங்கள். அது 3/11/00 என்றிருந்தால், வட்டின் தட்டில் உள்ள செக்டரை உண்மையாகவே படிக்க முடியவில்லை என்று பொருள். முதல் எண் 4 என்றிருந்தால் வட்டின் வன்பொருளிலேயே கோளாறு. பி/47/03 என்றிருந்தால் கதையே வேறு: வட்டுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் போகும் வழியில், அதாவது கேபிளிலோ பேக்பிளேனிலோ (வட்டுகள் செருகும் பலகையிலோ) தரவு சிதைகிறது. அப்போது வட்டை மாற்றினால் அடுத்த வட்டும் அதே பிழையைத்தான் காட்டும்.

கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும் வட்டுகள் இயங்குதளத்துக்குத் தனித்தனியாகத் தெரியாது. ஆனாலும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் கருவிக்குக் கன்ட்ரோலரின் வகையையும் வட்டின் எண்ணையும் கொடுத்தால் ஒவ்வொன்றின் ஸ்மார்ட் அட்டவணையும் (வட்டு தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கும்) கிடைக்கும். எட்டு வட்டுகளுக்கும் 5, 197, 198, 199 ஆகிய நான்கு வரிகளையும், ஓடிய மணி நேரத்தையும் இங்கே எழுதுங்கள். 5 என்பது மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள், 197 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருப்பவை, 198 என்பது திருத்த முடியாதவை, 199 என்பது இணைப்பு வழியின் பிழை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்மார்ட் எண்கள் சுத்தமாக இருப்பதால் மட்டும் ஒரு வட்டை நம்பிவிட முடியாது. 2007இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், செத்த வட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் எதையும் காட்டாமலே செத்ததாகப் பதிவு செய்தார்கள். அதே கட்டுரை மறுபக்கத்தையும் சொல்கிறது: முதல் ஸ்கேன் பிழை தோன்றிய வட்டு, அடுத்த 60 நாள்களுக்குள் சாகும் வாய்ப்பு, பிழையில்லாத வட்டைப்போல் 39 மடங்கு. எண் சுத்தமாக இருந்தால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. எண் ஏறத் தொடங்கினால் அந்த எச்சரிக்கையை நம்பிவிடலாம்.

நூல்கண்டு | சனி, காலை 11.20

நேற்று இரவே மேலாளரை எழுப்பி அனுமதி வாங்கி, எல்லாப் பயன்பாடுகளையும் நிறுத்திவிட்டேன். தரவுத்தள டம்ப் அதிகாலை 3.15க்குப் பிழையில்லாமல் முடிந்தது, 212 ஜிபி. அதை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்து, இம்மாத இருப்பு அறிக்கையை எடுத்து, அச்சிட்ட பிரதியோடு ஒப்பிட்டுவிட்டேன். சம்பளக் கோப்புகளும் வந்துவிட்டன. இப்போது வரைபடங்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

காப்புநாடா மேடம் கேட்ட விவரங்கள்: லாகில் எல்லாம் 3/11/00தான். 6ஆம் வட்டில் 5ஆம் வரி 16, 197ஆம் வரி 48, 199 பூஜ்யம். மற்ற ஆறு பழைய வட்டுகளில் 1ஆம் வட்டில் மட்டும் 197ஆம் வரியில் 8 இருக்கிறது. ஓடிய நேரம் எல்லாவற்றிலும் 51,000 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. எல்லாம் ஒரே நாளில் ஒரே பெட்டியில் வந்தவை.

லாகைப் பின்னோக்கிப் படித்தபோது இன்னொன்று கிடைத்தது. 'பேட்ரோல் ரீட்' (கன்ட்ரோலர் பின்னணியில் எல்லா வட்டுகளையும் படித்துச் சோதிக்கும் வேலை) மூன்று ஆண்டுகளுக்கு முன் அணைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு முன் இருந்தவர், மாத இறுதியில் சர்வர் மெதுவாகிறது என்ற புகாருக்காக அணைத்தார் என்று உதவியாளர் சொல்கிறார். அதன்பின் யாரும் அதைத் திரும்பப் போடவில்லை. இதுதான் காரணமா?

காப்புநாடா | சனி, மதியம் 12.05

ஆம், பெரும்பாலும் இதுதான். 6ஆம் வட்டு நேற்றுக் கெட்டதல்ல என்பது என் கணிப்பு. அந்த 48 செக்டர்களும் மூன்று ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கெட்டிருக்கலாம். யாரும் திறக்காத ஸ்கேன் கோப்புகளிலோ காலி இடத்திலோ அவை இருந்திருந்தால், படிக்கச் சொல்லி யாரும் கேட்காதவரை வட்டுக்கே அது தெரியாது. எட்டு வட்டுகளும் நலமாக இருந்தபோது அவற்றில் ஒன்றை பேட்ரோல் ரீட் தொட்டிருந்தால், கன்ட்ரோலர் மற்ற ஏழு வட்டுகளிலிருந்து அந்தத் துண்டைக் கணக்கிட்டு அதே இடத்தில் திரும்ப எழுதச் செய்திருக்கும். வட்டும் கெட்ட செக்டருக்குப் பதிலாகத் தன் உபரி இடத்திலிருந்து ஒன்றை ஒதுக்கியிருக்கும். லாகில் ஒரு வரி கூடியிருக்கும், அவ்வளவுதான். 3ஆம் வட்டு போன பிறகு அந்தத் திருத்தத்துக்கு வேண்டிய ஏழாவது துண்டு இல்லை. 6ஆம் வட்டில் ஒரு செக்டர் கெட்டிருந்தால், அதே பட்டையில் 3ஆம் வட்டு வைத்திருந்த துண்டையும் சேர்த்து இழக்கிறீர்கள்.

பல கன்ட்ரோலர்களில் பேட்ரோல் ரீட் 168 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றே அமைக்கப்பட்டு வருகிறது. பயன்பாட்டுச் சுமை இருக்கும்போது அது ஒதுங்கிக்கொள்ளும். எத்தனை சதவீதம் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் குறைக்கலாம். லினக்ஸின் மென்பொருள் ரெய்டிலும் இதற்கு ஏற்பாடு உண்டு. டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிறன்று சரிபார்ப்பு தானாக ஓடும். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இதைத்தான் ஸ்கிரப் என்கிறார்கள். பேட்ரோல் ரீடையும் 'கன்சிஸ்டன்சி செக்'கையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ள வேண்டாம்: முன்னது ஒவ்வொரு செக்டரும் படிக்க வருகிறதா என்று பார்ப்பது, பின்னது தரவும் பாரிட்டியும் (தொலைந்த துண்டைக் கணக்கிட உதவும் கூடுதல் துண்டும்) ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. இரண்டும் வேண்டும்.

உங்கள் 1ஆம் வட்டில் இருக்கும் 8ஐயும் மறக்காதீர்கள். ரீபில்டு எப்படியோ 6ஐத் தாண்டியிருந்தாலும் 1இல் முட்டியிருக்கும்.

மின்னல்வேகம் | சனி, மதியம் 12.40

என் நேற்றைய யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 1ஆம் வட்டின் கணக்கு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

திண்ணைப்பொறியாளர் | சனி, மாலை 4.15

ஒரு சிறு எச்சரிக்கை. இந்த இழையில் எல்லோரும் 3ஆம் ஸ்லாட், 6ஆம் ஸ்லாட் என்று பேசுவதால் சொல்கிறேன். பல கன்ட்ரோலர்கள் ஸ்லாட்டை 0இலிருந்து எண்ணுகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், லாகில் 2 என்று வந்ததைப் பார்த்து, நண்பர் ஒருவர் இடமிருந்து இரண்டாவது வட்டை உருவினார். செத்தது மூன்றாவது. விளக்கைப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். அந்தப் பெட்டியில் ஆரஞ்சு விளக்கே பழுது. அன்றிலிருந்து வட்டை உருவுவதற்கு முன் மூன்று காரியம் செய்கிறேன்: கன்ட்ரோலரின் 'லொகேட்' கட்டளையைக் கொடுத்து எந்த விளக்கு சிமிட்டுகிறது என்று பார்ப்பேன், அதை நிறுத்தினால் அதே விளக்கு நிற்கிறதா என்றும் பார்ப்பேன், உருவுவதற்கு முன் தட்டின் முகப்பில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை லாகோடு ஒப்பிடுவேன். தட்டின் முகப்பில் சீரியல் எண்ணை யாரும் தயாராக ஒட்டித் தரமாட்டார்கள். வாங்கும் நாளிலேயே நாம்தான் ஒட்ட வேண்டும்.

கரிசல்காட்டான் | சனி, இரவு 8.30

பேட்டரி எச்சரிக்கையை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். நூல்கண்டு சொன்ன 'ஆமை வேக'த்துக்கு டிகிரேடட் நிலை மட்டும் காரணமாக இருக்காது. ரெய்டு 5இல் சிறிய எழுத்து ஒன்றுக்கு நான்கு வேலை: பழைய தரவைப் படி, பழைய பாரிட்டியைப் படி, புதிய தரவை எழுது, புதிய பாரிட்டியை எழுது. கன்ட்ரோலரின் கேஷ் (தற்காலிக நினைவகம்) 'ரைட் பேக்' நிலையில் இருக்கும்போது, தரவு கேஷுக்கு வந்ததுமே எழுதியாயிற்று என்று சர்வருக்குப் பதில் போய்விடும். மீதி வேலையைக் கன்ட்ரோலர் பின்னால் சாவகாசமாகச் செய்யும். மின்சாரம் போனால் கேஷில் இருப்பதை உயிரோடு வைத்திருப்பது அந்தப் பேட்டரிதான். பேட்டரியை நம்ப முடியவில்லையென்றால் கன்ட்ரோலர் தானாக 'ரைட் த்ரூ'வுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு எழுத்தும் வட்டைப் போய்ச் சேரும்வரை தரவுத்தளம் காத்து நிற்கும்.

பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட் பேக்கிலேயே இருக்கச் சொல்லும் ஒரு அமைப்பு பல கன்ட்ரோலர்களில் உண்டு. வேகம் திரும்பிவிடும் என்பதால் கை அதில் போகும். யுபிஎஸ் இருக்கிறதே என்றும் சொல்வார்கள். யுபிஎஸ் மின்வெட்டைத்தான் தாங்கும். சர்வரின் பவர் சப்ளை எரிந்தாலோ, துப்புரவுப் பணியாளர் கேபிளைத் தட்டிவிட்டாலோ அது என்ன செய்யும்? கேஷில் இருந்த கடைசி எழுத்துகள் போகும்; பாதி எழுதிய பட்டையில் தரவும் பாரிட்டியும் ஒத்துப்போகாது. புதிய கன்ட்ரோலர்களில் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டரும் ஃபிளாஷும் வருகின்றன. மின்சாரம் போனதும் கேஷை ஃபிளாஷுக்கு இறக்கிவிட்டு ஓய்ந்துவிடும், இத்தனை மணி நேரத்துக்குள் மின்சாரம் திரும்ப வேண்டும் என்ற கெடு இல்லை. வாய்ப்பிருந்தால் அதற்கு மாறுங்கள்.

நூல்கண்டு | திங்கள், காலை 7.10

நகல் நேற்று இரவு 11 மணிக்கு முடிந்தது. 9 கோப்புகள் மட்டும் வரவில்லை. அதில் 7 நாஸ் பெட்டியின் பழைய நகலில் முழுதாகக் கிடைத்தன. மீதி இரண்டு, பழைய ஸ்கேன் ரசீதுகள். காகிதம் கிடங்கில் இருப்பதாகக் கணக்குப் பிரிவு சொல்கிறது.

நாஸ் பெட்டியைத் திறந்தபோது இன்னோர் அதிர்ச்சி காத்திருந்தது. இரவுதோறும் 'வெற்றி' என்று மின்னஞ்சல் அனுப்பிய பேக்கப், தரவுத்தளக் கோப்புகளைப் பயன்பாட்டில் இருப்பவை என்று தாண்டிவிட்டுப் போயிருக்கிறது. தாண்டியவற்றின் பட்டியல் ஒரு தனிக் கோப்பில் இருக்கிறது, மின்னஞ்சலில் இல்லை. அதாவது வெள்ளியன்று நான் 6ஆம் வட்டை உருவியிருந்தால், தரவுத்தளத்துக்கு வேறு நகலே இருந்திருக்காது.

காப்புநாடா | திங்கள், காலை 9.00

இதில் நீங்கள் தனி ஆள் அல்ல. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், பின்தங்கிய துணை சர்வரைச் சரிசெய்ய முயன்று, தவறுதலாக முதன்மைச் சர்வரின் தரவுத்தள அடைவை அழித்தார். சுமார் 300 ஜிபி அழிந்தது. அவர்களிடம் பல பேக்கப் முறைகள் இருந்தன. நாள்தோறும் ஓட வேண்டிய டம்ப், 9.6 பதிப்புத் தரவுத்தளத்தின்மீது 9.2 பதிப்புக் கருவியால் ஓடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களையோ அஞ்சல் சர்வர் நிராகரித்துவிட்டிருக்கிறது. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. அவர்கள் அதை ஒளிக்காமல் முழுவதும் எழுதி வெளியிட்டார்கள். அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

எங்கள் மையத்தில் பேக்கப் அறிக்கையை யாரும் படிப்பதில்லை. மாதம் ஒருமுறை, குலுக்கலில் ஒரு சர்வரைத் தேர்ந்து, வெற்றுக் கணினியில் மீட்டு, அந்தத் துறையின் ஊழியரையே உள்ளே வந்து ஒரு பதிவைத் திறக்கச் சொல்வோம். எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் குறித்து வைப்போம்.

திண்ணைப்பொறியாளர் | திங்கள், காலை 10.20

தரவு வெளியே வந்துவிட்டதால், அந்தப் பழைய அணியைச் சரிசெய்ய இனி ஒரு நிமிடமும் செலவிட வேண்டாம். நகல் வந்திருக்காவிட்டால், சர்வரை அணைத்து, 6ஆம் வட்டை வேறொரு கணினியில் மாட்டி, டிடிரெஸ்க்யூ கொண்டு புதிய வட்டுக்கு செக்டர் செக்டராகப் பிரதியெடுக்கச் சொல்லியிருப்பேன். படிக்க வருவதை முதலில் எடுத்துவிட்டு, வராத இடங்களுக்குப் பின்னால் திரும்பும் கருவி அது. இரண்டு ரசீதுகளுக்காக அது தேவையில்லை.

நூல்கண்டு | திங்கள், மாலை 6.30

மேலாளர் புதிய வட்டுகளுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார். மொத்தம் எட்டு ஸ்லாட். எப்படிப் பிரிக்கலாம்?

வட்டுமேய்ப்பன் | திங்கள், இரவு 9.15

என் கை போகும் வழி இது: ஆறு ஸ்லாட்டில் 8 டிபி வட்டுகளை ரெய்டு 6 (இரண்டு வட்டுகள் செத்தாலும் தாங்கும் முறை) ஆகப் போட்டு, கோப்புகளுக்கு 32 டிபி, மீதி இரண்டில் நிறுவனத் தர எஸ்எஸ்டி இரண்டை ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே தரவு) ஆகப் போட்டு, தரவுத்தளத்தை அங்கே நகர்த்துங்கள். 8 டிபி வட்டின் ரீபில்டு நொடிக்கு 100 எம்பி வேகத்தில்கூட 22 மணி நேரம் எடுக்கும். அந்த 22 மணி நேரத்திலும் கெட்ட செக்டரைத் திருத்த இன்னொரு பாரிட்டி இருக்கும் என்பதற்காகத்தான் ரெய்டு 6க்கு நாம் விலை கொடுக்கிறோம்.

வட்டுகளை இரண்டு வியாபாரிகளிடம், இயன்றால் இரண்டு மாத இடைவெளியில் தயாரானவையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே நாளில் பிறந்தவை ஒரே வாரத்தில் சாகலாம். எஸ்எஸ்டியில் இது வெறும் தேய்மானம் அல்ல: 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம், தன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் ஃபர்ம்வேர் (வட்டுக்குள் இருக்கும் மென்பொருள்) பிழையால் மொத்தமாகச் செத்துவிடும், தரவையும் மீட்க முடியாது என்று அறிவித்தது. ஒரே நாளில் ஓடத் தொடங்கிய இரண்டு எஸ்எஸ்டிகளை ரெய்டு 1 ஆகப் போட்டவருக்கு இரண்டும் ஒன்றாகவே போயிருக்கும். 2020 மார்ச்சில் 40,000 மணி நேரத்துக்கு இன்னொரு அறிவிப்பு வந்தது. ஃபர்ம்வேர் அறிவிப்புகளைப் படிப்பது சலிப்பான வேலைதான். ஆனால் இதை முன்கூட்டியே பிடிக்க வேறு வழி எதுவும் இருந்திருக்காது.

மின்னல்வேகம் | திங்கள், இரவு 9.50

எஸ்எம்ஆர் வட்டுகளை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதுவதால் திருத்தி எழுத மெதுவாகும் வட்டுகளை) தவிருங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில வட்டுகள் எஸ்எம்ஆர் என்பது, வாங்கியவர்கள் ரீபில்டில் அவதிப்பட்ட பிறகுதான் வெளியே வந்தது. மாடல் எண்ணை வைத்துத் தரவுத்தாளில் சரிபார்த்துவிட்டே பணம் கொடுங்கள். ஹாட் ஸ்பேர் ஒன்றும் வேண்டாமா?

வட்டுமேய்ப்பன் | திங்கள், இரவு 10.10

ஸ்லாட் இருந்தால் வைக்கலாம். ரெய்டு 6இல், ஆள் பக்கத்தில் இருக்கும் இடத்தில், அலமாரியில் ஒரு வட்டு போதும். நள்ளிரவில் யாரும் பார்க்காமல் தானாக ரீபில்டு தொடங்குவதைவிட, காலையில் வந்து மற்ற வட்டுகளின் எண்களைப் பார்த்துவிட்டுத் தொடங்குவதையே நான் விரும்புவேன். இதில் என்னோடு உடன்படாதவர்கள் நிறையப் பேர் உண்டு.

நூல்கண்டு | பதினேழு நாள் கழித்து, வியாழன், மாலை 5.40

புதிய அணி ஓடத் தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது. மேலே சொன்னபடியே ரெய்டு 6, தரவுத்தளத்துக்கு எஸ்எஸ்டி ரெய்டு 1, புதிய கேஷ் கெபாசிட்டர், அலமாரியில் ஒரு வட்டு. தட்டுகளில் சீரியல் எண் ஒட்டியாயிற்று. கன்ட்ரோலர் 0இலிருந்து எண்ணுவதால் அதே எண்ணைப் பெரிதாக எழுதியும் ஒட்டியிருக்கிறோம். நாங்கள் '3ஆம் ஸ்லாட்' என்று சொல்லி வந்தது, இடமிருந்து நான்காவது. தற்செயலாகத்தான் சரியான வட்டை உருவியிருக்கிறோம், விளக்கு எரிந்ததால்.

பேட்ரோல் ரீட் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு என்று அமைத்தேன். முதல் ஓட்டத்திலேயே புதிய வட்டு ஒன்றில் ஒரு செக்டர் படிக்கவில்லை. திருத்தி எழுதியதாக அடுத்த வரியிலேயே பதிவாகியிருக்கிறது. ஒன்றுதான் என்பதால் வட்டைத் திருப்பிக் கொடுக்காமல், அந்த எண்ணை வாரந்தோறும் குறித்து வருகிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. பழைய எட்டு வட்டுகளையும் பழைய இரும்புக்காரர் கேட்கிறார். அழித்துவிட்டுக் கொடுக்கலாமா?

காப்புநாடா | வியாழன், இரவு 7.15

நலமாக இருப்பவற்றை முழுவதும் ஒருமுறை மேலெழுதிவிட்டுக் கொடுக்கலாம். 6ஐயும் 1ஐயும், செத்த 3ஐயும் கொடுக்க வேண்டாம். மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பழைய செக்டர்களுக்கு உங்கள் மேலெழுத்து போய்ச் சேராது, சம்பளப் பட்டியலின் ஒரு துண்டு அங்கேயே இருக்கலாம். செத்த வட்டில் எழுதவே முடியாது. உங்கள் ஆலையிலேயே பட்டறை இருக்குமே?

நூல்கண்டு | வெள்ளி, காலை 10.05

இருக்கிறது. மூன்றையும் ட்ரில்லிங் மெஷினில் கொடுத்து, தட்டுகள் வழியாக நான்கு நான்கு துளை போட்டாயிற்று. சீரியல் எண்களைப் பதிவேட்டில் எழுதி, மேலாளரும் கையெழுத்திட்டுவிட்டார்.